தண்ணி குடிச்சுட்டு வந்து அமுக்கு

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கெல்லாம் தம்பி வீட்டில் அக்காக்காரி வந்து இறங்கிவிட்டாள். தோளில் லேப்டாப், கையில் ஒரு துணிப்பை நிறையக் கேபிள். கதவைத் திறந்த நாலு வயசுப் பொடிசு பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, அத்தை பாம்பு கொண்டாந்திருக்காங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடியது.

"பாம்புதான். சேட்டை பண்ணினா உன் மேல விட்டுருவேன்," என்றாள் அத்தை. அவளுக்கு வாய் அப்படி. பத்தொன்பது வருஷமாக சர்வர் அறைகளில் குப்பை கொட்டுகிறவள். அந்த இரைச்சலில் கத்திக் கத்தியே பேசி, வீட்டிலும் அதே தொண்டைதான். அவள் தம்பிக்கும் அதே வேலை. ஒரே ஆபீசில் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சண்டை போட்டுக்கொண்டே வேலை பார்த்தவர்கள். அந்தத் தம்பி போய்ச் சேர்ந்து நாலு மாசம் ஆகிறது.

போனது ஒரு பக்கம். போவதற்கு முன்னால் ஒன்றேமுக்கால் வருஷம் பேசாமல் இருந்தானே, அதை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரியும். தொண்டையில் கட்டி. உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. வேறொருத்தன் என்றால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். இவன் ஒரு நல்ல மைக் வாங்கி வந்து, இந்த வீட்டுச் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று வாரமும் பேசித் தீர்த்தான்.

மொத்தம் அறுபத்திரண்டு பதிவுகள், எல்லாம் மகளுக்கு. செருப்பு மாட்டுவது எப்படி என்று பாட்டாக ஒன்று. முதல் பல் விழுந்தால் கேட்க ஒன்று. பரீட்சையில் தோற்றால் கேட்க ஒன்று. பத்தாவது பிறந்தநாளுக்கு, இருபதாவது பிறந்தநாளுக்கு, எவனாவது மனசை உடைத்துவிட்டுப் போனால் அன்றைக்கு. கடைசிப் பதிவு மட்டும் மகளுக்கு இல்லை. பேச்சு போன பிறகு ஒரு நாள் அக்காவுக்கு ஒரு சீட்டில் எழுதிக் காட்டினான்: "உனக்கும் ஒண்ணு இருக்கு. திட்டுதான். அவசரப்படாதே, அப்புறம் கேள்." அவள் அவசரப்படவில்லை. வாழ்க்கையில் அவள் அவசரப்படாத ஒரே விஷயம் அதுதான்.

பதிவுகள் எல்லாம் அந்தச் சின்ன அறையின் மேஜையில், சாப்பாட்டு டப்பா அளவுக்கு இருந்த ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருந்தன. அவனே கூட்டிச் செய்த கம்ப்யூட்டர். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. முன்னால் பச்சையாக ஒரு சின்ன விளக்கு, பின்னால் இரண்டு துளை. உள்ளே ஓடுவது அவர்கள் தொழிலில் சோறு போடும் யுனிக்ஸ் வகை ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான். ஹார்டு டிஸ்கை முழுக்கப் பூட்டி வைத்திருந்தான். ஓடிக்கொண்டிருக்கும் வரை திறந்திருக்கும். கரண்ட் ஒரு தடவை போய் வந்தால் பாஸ்வேர்டு கேட்கும். அந்தப் பாஸ்வேர்டு அவன் தலைக்குள் இருந்தது.

ஊரெல்லாம் "ரெண்டு காப்பி எடுத்து வை, ரெண்டு காப்பி எடுத்து வை" என்று ஓதித் திரிந்தவன், தன் குரலுக்கு ஒரு காப்பி எடுத்து வைக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டடம் முழுக்க வயரிங் மாற்றப் போகிறார்கள், நாள் பூரா மின்சாரம் இருக்காது என்று மாடிப்படியில் ஒட்டிவிட்டார்கள். இத்தனை நாள் கரண்ட் போனபோதெல்லாம் பெட்டியைத் தாங்கிய யுபிஎஸ் பேட்டரி போன மாசம்தான் உப்பிச் செத்தது. அதனால்தான் இந்த ஓட்டம். திங்கட்கிழமைக்குள் உள்ளே போய்ப் பதிவுகளை வெளியே எடுத்தால் உண்டு. இல்லையென்றால் பொடிசுக்கு அப்பன் குரல் ஜென்மத்துக்கும் இல்லை.

"நெட்வொர்க் வழியா ஒரு வாரமா முட்டிப் பார்த்துட்டேன்மா," என்றாள் அக்காக்காரி, தம்பி பொண்டாட்டியிடம். "இருக்கியாடான்னா இருக்கேங்குது. கதவைத் திறன்னா திறக்க மாட்டேங்குது. எல்லா வாசலையும் அவனே அடைச்சு வச்சிருக்கான். ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"எது அண்ணி?"

"இதோ, பின்னாடி இருக்கற இந்தத் துளை. சீரியல் கன்சோல்னு பேரு. மிஷின் பக்கத்துலயே வந்து உட்கார்றவனுக்கு மட்டுமான கொல்லைவாசல். ஒரு கம்பியை இங்க சொருகி, இன்னொரு முனையை என் லேப்டாப்ல சொருகினா, நேருக்கு நேர் பேசலாம்."

"அங்கேயும் பாஸ்வேர்டு கேக்காதா?"

இந்தக் கேள்விக்குத்தான் அக்காக்காரி ஒரு வாரமாகக் காத்திருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "உன் புருஷன் ஒரு நாளாவது லாக் அவுட் பண்ணிப் பார்த்திருக்கியா?"

அவளும் சிரித்துவிட்டாள். நாலு மாசத்தில் முதல் சிரிப்பாக இருக்கும். அவன் எதையும் முடித்து வைக்க மாட்டான். டீயைப் பாதி குடித்து வைப்பான். பத்திரிகையைப் பாதி படித்துக் கவிழ்த்து வைப்பான். ஆபீசில் எந்த மிஷினில் நுழைந்தாலும் அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவான். "வீட்டை விட்டுப் போறவன் கதவைச் சாத்திட்டுப் போக மாட்டியாடா எருமை?" என்று அக்கா எத்தனை தடவை தலையில் குட்டியிருக்கிறாள்!

"இந்தக் கம்பியில ஒரு விசேஷம்," என்றாள். "அவன் சொருகுற கேபிள்ல மூணே மூணு இழைதான். அதைப் பிடுங்கினா அந்தப் பக்கத்துக்குத் தெரியவே தெரியாது. போனைக் கட் பண்ணாம மேஜையில வச்சுட்டுப் போன மாதிரி, லைன் அப்படியே திறந்து கிடக்கும். அவன் கடைசியா எங்க நின்னானோ அங்கேயே நான் போய் நிப்பேன். பாஸ்வேர்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்த எருமை குணம்தான் இப்ப நம்மளக் காப்பாத்தணும்."

வேலை தொடங்கியது. தொடங்கியதுமே சகுனத் தடை மாதிரி ஒரு தகராறு. அவளுடைய லேப்டாப்பே அவளை உள்ளே விடவில்லை. அனுமதி இல்லை என்றது. ஆபீசில் போன வாரம்தான் புதிதாகக் கொடுத்திருந்தார்கள். சீரியல் போர்ட்டைத் தொடுகிற உரிமையை அவள் கணக்குக்கு இன்னும் யாரும் கொடுக்கவில்லை. "சொந்த வீட்டு வாட்ச்மேனே என்னை யாருன்னு கேக்கறான்," என்று முணுமுணுத்துக்கொண்டே அதைச் சரி பண்ணினாள். இரண்டு பக்கமும் பேச வேண்டிய வேகம் எவ்வளவு என்று தேட வேண்டியிருக்கவில்லை. பெட்டியின் அடியில் ஒரு காகிதத் துண்டு ஒட்டி, பொடிப்பொடியாக அவன் கையெழுத்தில் எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தை ஒரு நிமிஷம் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு ஆபீசிலிருந்து கொண்டு வந்த கேபிளைச் சொருகினாள்.

திரை கறுப்பு. கர்சர் மேல் மூலையில் சும்மா நின்றது. என்டரைத் தட்டினாள். எழுத்துகளைத் தட்டினாள். ஒன்றும் இல்லை. கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தது பெட்டி.

"என்ன அண்ணி, செத்துப் போச்சா?"

"வாயைக் கழுவு. நோய் நம்ம பக்கமா அவன் பக்கமான்னு முதல்ல பாக்கணும். ஏய் பொடிசு, உன் தலையில இருக்கற அந்த ஹேர்பின்னைக் கொஞ்சம் குடு."

"திருப்பித் தருவீங்களா?"

"தராட்டி போலீஸ்ல புடிச்சுக் குடு."

கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப் பக்கத்துச் சொருகில் அனுப்பும் முள்ளையும் வாங்கும் முள்ளையும் அந்த ஹேர்பின்னால் தொட்டுப் பிடித்தாள். இப்போது எதை அனுப்பினாலும் அது அப்படியே திரும்பி வர வேண்டும். தன் வாயில் தன் காதை வைப்பது மாதிரி. வலது கையால் தட்டினாள். வரவில்லை.

"ஆகா! நோய் என் பக்கம்தான்," என்றாள் சந்தோஷமாக. நோய் தன் பக்கம் என்று தெரிந்து சந்தோஷப்படுகிற ஜாதி இந்தத் தொழில்காரர்கள் மட்டும்தான்.

அரை மணி நேரம் அதையும் இதையும் நோண்டினாள். தம்பி பொண்டாட்டி கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைக்காத வீடு. தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் இவளுக்கு என் போன்ல ஒரு பக்கம் பண்ணிக் குடுத்தாரு அண்ணி. செருப்பு படம், மழை படம், பூனை படம். தொட்டா, இந்தப் பெட்டியில இருக்கற அவர் குரல் போன்ல பேசும். இவ நாள் பூரா அதையே தொட்டுட்டு இருப்பா."

"ம்."

"அவர் பக்கத்துல வந்தா தள்ளி விட்டுருவா. 'நீ போ, எனக்குப் பேசுற அப்பாதான் வேணும்'னு சொல்லுவா. மூணு வயசுகூட ஆகல, அதுக்கு என்ன தெரியும்? அவர் சிரிப்பாரு. ஒரு நாள் இவளுக்கு நல்ல ஜுரம். ராத்திரி பூரா அவர்தான் நெஞ்சுல போட்டுட்டு நடந்தாரு. காலையில கண்ணு முழிச்சு அவர் முகத்தைப் பார்த்துட்டு, 'பேசுற அப்பா எங்கே'ன்னு அழுதா. அன்னைக்கு சாயங்காலம் இந்த ரூம்ல வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாரு. அதுக்கு அப்புறம் அந்தப் பக்கம் திறக்கவே இல்ல. கேட்டா, பெட்டி பழுதுன்னு எழுதிக் காட்டினாரு. எனக்கு நம்பிக்கை இல்ல. வேணும்னே பண்ணிட்டீங்கன்னு சண்டை போட்டேன். ஒரு வாரம் மூஞ்சி குடுக்கல. வாய் இல்லாத மனுஷன்கிட்ட ஒரு வாரம் நானும் பேசாம இருந்திருக்கேன் அண்ணி."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அக்காக்காரி இதைக் காதில் வாங்கினாளே தவிர மனதில் வாங்கவில்லை. அவள் மனசெல்லாம் ஹேர்பின் மேல். "அட கழுதை!" என்று திடீரென்று கத்தினாள்.

"என்ன அண்ணி?"

"புது லேப்டாப் இல்லையா? இந்த ப்ரோக்ராம், அந்தப் பக்கத்துலருந்து 'நான் தயார், அனுப்பு'ன்னு தனியா ஒரு கம்பியில சைகை வந்தாத்தான் அனுப்புவேன்னு புடிவாதமா நிக்குது. நம்மகிட்ட அந்தக் கம்பியே கிடையாது. யுகம் யுகமா நிக்க வேண்டியதுதான்."

ஹேர்பின்னைப் பிடித்தபடியே அந்த ஏற்பாட்டை அணைத்தாள். அவ்வளவுதான். அதுவரை அவள் தட்டியிருந்த எழுத்தெல்லாம், எங்கேயோ தேங்கிக் கிடந்தது, ஒரே மூச்சில் திரையில் கொட்டியது. பொடிசு கை தட்டியது. பார்த்தீர்களா, தட்டின எழுத்து எங்கேயும் போவதில்லை. வழி திறக்கும் வரை உட்கார்ந்திருக்கும். அக்காக்காரி அதைப் பார்த்துச் சிரித்தாளே ஒழிய யோசிக்கவில்லை.

கேபிளை மறுபடி பெட்டியில் சொருகினாள். இன்னும் மௌனம். ஆனால் இப்போது அவளுக்குக் காரணம் தெரியும். ஆபீஸ் கேபிளில் இழைகளின் வரிசை வேறு. இவள் வாய் அவன் வாயில் போய் முட்டிக்கொண்டிருந்தது, காதுக்குப் போகவில்லை. "அவன் கையால பண்ணின கேபிள் இங்கதான் எங்கேயாவது இருக்கணும்," என்று மேஜை அறைகளை இழுத்துப் பார்த்தாள். கீழ் அறையில் கிடைத்தது. சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்று மூன்று இழை. அழகாகச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தான்.

அக்காக்காரிக்குச் சின்னதாக ஒரு வியப்பு. எதையும் சுற்றி வைக்காதவன் இதை மட்டும் சுற்றி வைத்திருக்கிறான். வியப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது.

தம்பி பொண்டாட்டி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். "வந்ததுலருந்து ஒண்ணும் குடிக்கல, இதையாவது குடிங்க."

"வை, வை. வேலை முடிஞ்சு குடிக்கிறேன்."

இந்த இடத்தில் தண்ணீர்க் கதையைச் சொல்லியாக வேண்டும். அக்காவும் தம்பியும் ஒரே ஆபீசில் இருந்த காலத்தில், அக்காக்காரி ஒரு நாள் அவசரத்தில் நாற்பது பேருடைய இரண்டு நாள் வேலையை அழித்துவிட்டாள். வேலை போகாதது அதிசயம். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டார்கள். அழிக்கிற கட்டளை எதையாவது எழுதினால் உடனே என்டரை அமுக்கக் கூடாது. கையை எடு, எழுந்து போய்த் தண்ணி குடி, திரும்பி வந்து ஒரு தடவை படி, அப்புறம் அமுக்கு. இரண்டு நாற்காலிக்கும் மேலே எழுதி ஒட்டியிருந்தார்கள். "அக்காவும் தம்பியும் தண்ணி குடிக்கப் போறாங்கடா, எதுவோ சாகப் போகுது" என்று ஆபீசே கிண்டல் பண்ணும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் பொது. பிறத்தியார் விட்டுப் போன கன்சோலில் போய் உட்கார்ந்தால், முதலில் வரியைத் துடை. அவர்கள் பாதியில் எதை எழுதி வைத்துவிட்டுப் போனார்களோ, உன் திரையில் அது தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் அது காத்துக்கொண்டிருக்கும். இரண்டு விசை அமுக்கினால் துடைத்துவிடும். அக்காக்காரி புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதை நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் கை இருக்கிறதே, அதற்குப் பழக்கம் வேறு. புதுக் கம்பி சொருகினால், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க, கதவைத் தட்டுகிற மாதிரி என்டரைத் தட்டும். இந்தத் தொழிலில் தட்டாத கை கிடையாது.

தம்பியின் கேபிளைச் சொருகினாள். "லைனுக்கு உயிர் இருக்கான்னு பாப்போம்," என்றாள்.

என்டரைத் தட்டினாள்.

கர்சர் ஒரு வரி கீழே இறங்கியது.

"வந்துட்டான்!" என்று அலறினாள் அக்காக்காரி. "இறங்குச்சு பாத்தியா? அந்தப் பக்கத்துலருந்து பதில் வந்தாத்தான் இறங்கும்! உயிரோட இருக்கான்மா, உயிரோட இருக்கான்!"

அப்போதுதான் பெட்டியின் பச்சை விளக்கு மாறியது. காலையிலிருந்து ஐந்து விநாடிக்கு ஒரு தடவை சோம்பேறித்தனமாகச் சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு, படபடவென்று துடிக்க ஆரம்பித்தது.

"அண்ணி, லைட்டைப் பாருங்க! லைட்டைப் பாருங்க!"

"பாக்கிறேன், பாக்கிறேன். ரொம்ப நாள் தூங்கினவன் இல்லையா, எழுந்து சோம்பல் முறிக்கிறான். கொஞ்சம் பொறு."

பொடிசு இரண்டு கையையும் மேஜை விளிம்பில் ஊன்றி, மூக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டு போய் அந்த விளக்கைப் பார்த்தது. அதன் முகமெல்லாம் பச்சையாகத் துடித்தது. "அப்பா வராங்க, அப்பா வராங்க" என்று குதித்தது. தம்பி பொண்டாட்டி அக்காக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்காக்காரியும் அழுதாள். மூன்று பேருமாக, அரை நிமிஷத்துக்கும் மேலாக, அந்த விளக்கு துடிப்பதைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

துடிப்பு நின்றது. விளக்கு பழையபடி சோம்பேறியானது. திரையில் கட்டளைக்குக் காத்திருக்கும் குறி வந்து நின்றது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. அவள் சொன்னபடியே ஆயிற்று. அவன் நின்ற இடத்தில் அவள் போய் நின்றாள்.

"எருமை, எருமை, என் தங்கமே," என்று திரையைப் பார்த்துக் கொஞ்சினாள். "நீ போய்ப் பொடிசுக்கு முகம் கழுவி விடு. அஞ்சு நிமிஷத்துல இந்த வீட்ல உன் புருஷன் குரல் கேக்கும்." அவர்கள் போனார்கள். போகும்போதே பொடிசு, செருப்புப் பாட்டா முதலில், பூனைக் கதையா முதலில் என்று கேட்டுக்கொண்டே போயிற்று.

பதிவுகள் இருக்கும் இடத்தை அக்காக்காரி நன்றாக அறிவாள். மகள் பேரில் ஒரு கோப்புறை. அதைத் திறந்து காட்டச் சொன்னாள்.

காலி.

இடம் தவறு என்று நினைத்தாள். மறுபடி கேட்டாள். காலி. கோப்புறையில் கடைசியாகக் கை வைத்த நேரம் என்ன என்று கேட்டாள். இன்றைய தேதி காட்டியது. பத்து நாற்பத்தேழு. லேப்டாப்பின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பத்தொன்பது.

மேல் அம்பு விசையைத் தட்டி, முந்தின கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்தாள். அவளே இப்போது எழுதியவை வந்தன. அதற்கும் முன்னால் ஒரு வரி. அது அவள் எழுதியதில்லை.

அது வெறுமனே அழிக்கிற கட்டளை இல்லை. ஒவ்வொரு பதிவின் மேலும் மூன்று தடவை கண்டதைக் கிறுக்கி, உருத்தெரியாமல் ஆக்கி, அப்புறம் அழிக்கிற கட்டளை. தலைகீழாக நின்றாலும் திரும்ப எடுக்க முடியாது. எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இதை மட்டும் அவ்வளவு நேர்த்தியாக எழுதியிருந்தான். இந்த லைனில் அவன் எப்போது நுழைந்தான் என்று பார்த்தாள். பதினாலு மாசத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம் ஐந்தரை மணி.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜுரம் வந்த பிள்ளையை ராத்திரி முழுக்க நெஞ்சில் போட்டு நடந்தவன், மறுநாள் சாயங்காலம் இங்கே வந்து உட்கார்ந்து, போனுக்குப் போகிற வழியையெல்லாம் அடைத்துவிட்டு, தன் மகளைத் தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட அந்தக் குரலைக் கொல்ல இந்த வரியை எழுதியிருக்கிறான். எழுதிவிட்டுக் கையை எடுத்திருக்கிறான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்திருக்கிறான். திரும்பி வந்து படித்திருக்கிறான். படித்துவிட்டு, அமுக்கவில்லை. கேபிளைப் பிடுங்கி, சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு அறையில் வைத்துவிட்டான்.

பதினாலு மாசம் அந்த வரி அப்படியே காத்திருந்தது. அவன் போன பிறகும் காத்திருந்தது. அமுக்கியது இவள்.

அந்த அரை நிமிஷத்தில் இரண்டு விசையை அமுக்கியிருந்தால் நின்றிருக்கும். பாதியாவது மிஞ்சியிருக்கும். பத்தாவது பிறந்தநாள் மிஞ்சியிருக்கும். அவளுக்கான திட்டு மிஞ்சியிருக்கும். அவள் கை தட்டிக்கொண்டிருந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே தாழியை உடைத்தவளே உட்கார்ந்து வெண்ணெய் வருது வெண்ணெய் வருது என்று கூத்தாடியிருக்கிறாள். மேஜையில் தண்ணீர் டம்ளர் வைத்தது வைத்தபடி, தளும்பத் தளும்ப இருந்தது.

"பாவி," என்றாள் வாய்விட்டு. தம்பியைச் சொன்னாளா தன்னைச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

அப்போது ஒரு எண்ணம் வந்தது. மறைப்பானேன், வரத்தான் செய்தது. திரையில் இருக்கிற இந்த வரியைப் படிக்க இந்த வீட்டில் வேறு ஆளில்லை. 'உன் புருஷன் எப்பவோ அழிச்சுட்டாம்மா' என்று சொன்னால் முடிந்தது. அவள் நம்புவாள். பதினாலு மாசமாக அவளும் அப்படித்தானே சந்தேகப்பட்டாள். செத்தவன் வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதே அவனால் சொல்ல முடியவில்லை.

அதை நினைத்ததும்தான் அந்த எண்ணத்தை உதறினாள். வாயில்லாதவன் மேல் எப்படிப் பழியைப் போடுவது?

தம்பி பொண்டாட்டி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். நல்ல புடவை ஒன்றைக் கட்டியிருந்தாள். "வந்துடுச்சா அண்ணி?"

"உட்காரும்மா."

"என்ன?"

"உட்காரு சொல்றேன்."

சொன்னாள். எதையும் விடாமல் சொன்னாள். வரியைச் சொன்னாள், தண்ணீர்ச் சட்டத்தைச் சொன்னாள், சுற்றி வைத்த கேபிளைச் சொன்னாள். முதலில் வரியைத் துடைக்க வேண்டும் என்று தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னாள். "தெரிஞ்சும் மறந்துட்டேன். அவன் அழிக்கலம்மா. மனசு வரல அவனுக்கு. நான்தான் அழிச்சேன்."

தம்பி பொண்டாட்டி பெட்டியைப் பார்த்தாள். "அந்த லைட்டு," என்றாள். "நாம கை தட்டினோமே, அப்பவா?"

"ஆமாம்மா."

"அறுபத்திரண்டுமா?"

"ஆமாம்."

"அவர் அமுக்கவே இல்லையா?"

"அமுக்கல."

"நான் ஒரு வாரம் மூஞ்சி குடுக்கல அண்ணி," என்றாள் அவள். புதுசாக இப்போதுதான் தாலியறுத்தவள் மாதிரி மார்பில் அடித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். அக்காக்காரி தொடப் போனாள். அவள் கையைத் தட்டிவிட்டாள். "வேணாம். இப்ப என்னைத் தொடாதீங்க. போயிருங்க. திட்டுறதுக்கு முன்னாடி போயிருங்க."

அக்காக்காரி எழுந்தாள். கேபிள்களை அள்ளிப் பையில் போட்டாள். தம்பியின் கேபிளை மட்டும் எடுக்க மனசில்லாமல் மேஜையிலேயே வைத்தாள். அறைக்கு வெளியே வந்தால், நடையில் பொடிசு நின்றுகொண்டிருந்தது. முகம் கழுவி, தலை வாரி, கையில் அம்மாவின் போனை வைத்துக்கொண்டு.

"அத்தை, என் ஹேர்பின்."

துணிப்பையில் துழாவி எடுத்துக் கொடுத்தாள். பொடிசு அதைத் தலையில் செருகிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தது.

"மிஷின் சரியாயிடுச்சா அத்தை?"

பத்தொன்பது வருஷ வேலையில், மிஷினைப் பற்றிக் கேட்டால் மிஷினைப் பற்றிய சரியான பதிலைத்தான் அவளுக்குச் சொல்லிப் பழக்கம். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

"சரியாயிடுச்சு கண்ணு."

"அப்போ பேசச் சொல்லுங்க," என்று போனை அவளிடம் நீட்டியது பொடிசு.